பக்கத்து நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள்

கீழக்கரையில் பிறந்து, 22 வருடம் பயணிகள் கப்பல்களின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அசிஸ்டென்ட் வெயிட்டராக ஏறினேன், ஹெட் வெயிட்டராக இறங்கினேன். சொகுசுக் கப்பல் பயணம் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: தனியாகப் போகிறவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? இந்த முறை அந்த நான்குக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

*

ஐயா, நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. வயது 63. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. நானும் என் கல்லூரித் தோழியும் பார்சிலோனாவில் ஏறி ஏழு இரவு மத்தியதரைக் கடலில் போய்வரும் கப்பலுக்குப் பணம் கட்டியிருந்தோம். தோழிக்கு முழங்கால் ஆபரேஷன், வர முடியாது. தனியாகவே போகத் துணிந்துவிட்டேன். ஊர் சுற்றுவதிலோ தனி அறையில் படுப்பதிலோ பயமில்லை. ராத்திரிச் சாப்பாட்டை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. அவர் போன பிறகு வீட்டிலேயே தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். ஜோடி ஜோடியாகச் சாப்பிடும் கூட்டத்துக்கு நடுவில் ஒற்றை ஆளாக எப்படி உட்காருவது? அறைக்கே சாப்பாட்டை வரவழைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, மண்டபம்

வரவழைக்கலாம் டீச்சர். அநேகமாக எல்லாப் பெரிய கப்பலிலும் அந்த வசதி உண்டு, சிலவற்றில் அதற்குத் தனிக் கட்டணம். ஆனால் முதல் ராத்திரி மட்டும் அதைச் செய்யாதீர்கள். கப்பலில் யார் யாரோடு உட்காருவது என்பது பெரும்பாலும் முதல் ராத்திரியே முடிவாகிவிடுகிறது. இரண்டாம் நாள் மேசைக்கு மேசை பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் அவர்களுக்குள் ஒருவர் இன்னொருவருக்கு ரொட்டிக்கூடையை நகர்த்திவைக்கத் தொடங்கியிருப்பார். அப்போது போய் நுழைவது கூச்சமுள்ளவருக்குக் கஷ்டம்.

நான் வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். 14 இரவுப் பயணம். என் பொறுப்பில் இருந்த மேசைகளில் ஒன்று தூண் ஓரத்து இருவர் மேசை. எழுபது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா அதில் தனியாக உட்காருவார். எதிர் நாற்காலியில் கைப்பையை வைத்துக்கொள்வார். சூப்பை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடிப்பார், கூடம் காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டார். தனிமை வேண்டும் என்று வந்தவர், தொந்தரவு செய்யக் கூடாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஆறாம் நாள் ராத்திரி தட்டை எடுக்கும்போது, இந்த மேசைதான் உங்களுக்குப் பிடித்ததா என்று கேட்டேன். “இல்லை, எனக்குக் கொடுத்தது இதுதான்” என்றார். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் இருவர் மேசை என்று குறித்துவிட்டிருக்கிறார். கொடுத்ததை மாற்றச் சொல்வது மரியாதை இல்லை என்று அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே மேலதிகாரியிடம் சொன்னேன். மறுநாள் எட்டுப் பேர் மேசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலிக்கு மாற்றினார்கள். மீதி எட்டு இரவும் அந்த மேசையை விட்டுக் கடைசியாக எழுந்தவர் அவர்தான். முந்தைய ஆறு இரவும் என் மனதில் இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கின்றன. முதல் ராத்திரியே நான் கேட்டிருக்க வேண்டும்.

எல்லா வெயிட்டரும் கேட்பார் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் நீங்கள் கேளுங்கள்.

முதலில் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை உண்டு. ஒன்று, நம் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி: முதல் பந்தி மாலை 6 மணியை ஒட்டி, இரண்டாம் பந்தி 8.15, 8.30 வாக்கில். பயணம் முடியும்வரை அதே மேசை, அதே முகங்கள், அதே வெயிட்டர். மற்றது, நினைத்த நேரத்தில் போய் வாசலில் நிற்பவரிடம் இடம் கேட்பது. இந்த இரண்டாவது முறை குடும்பத்தோடு போகிறவருக்கு வசதி. தனியாகப் போகிறவர் அதில் ஒவ்வொரு ராத்திரியும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். உங்கள் மனநிலைக்கு நிலையான பந்திதான் சரி. 6 மணிக்குச் சாப்பிட்டுப் பழக்கமில்லை என்பீர்கள். ஆனால் முதல் பந்தியில்தான் வயதில் மூத்தவர்கள் அதிகம் இருப்பார்கள், அவர்களிடம் பேச்சும் நிதானமாக நடக்கும். சாப்பிட்டு எழுந்தால் பாட்டோ நாடகமோ பார்க்க ராத்திரி முழுதாக மிச்சமிருக்கும், மேசைக்காரர்களோடு சேர்ந்தே போகலாம்.

அடுத்தது மேசையின் அளவு. தோழியோடு பதிவு செய்ததால் உங்களுக்கு இருவர் மேசை விழுந்திருக்க வாய்ப்புண்டு. எட்டுப் பேர் மேசை கேளுங்கள், இல்லாவிட்டால் ஆறு. நால்வர் மேசை வேண்டாம். அங்கே ஒரு கணவன் மனைவியும் நீங்களும் மட்டும் என்று ஒரு நாள் ஆகிவிட்டால், அவர்கள் சண்டை போட்டாலும் கொஞ்சிக்கொண்டாலும் நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஏறக்குறைய தினம் ஒரு துறைமுகம் வருகிற பாதை உங்களுடையது. ரோமுக்குப் போக சிவித்தாவெக்கியா துறைமுகத்தில் இறங்கினால் ரயிலில் போய்ச் சுற்றித் திரும்பிவந்து, களைத்துப்போய்ப் பலர் சாப்பாட்டுக்கே வராமல் படுத்துவிடுவார்கள். எட்டுப் பேரில் மூன்று பேர் வராவிட்டாலும் பேச ஆளிருக்கும்.

இதை டிக்கெட் போட்டவர் மூலம் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஏறுகிற அன்று அதோடு விடாமல் நேரிலும் கேளுங்கள். சாப்பாட்டுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பாளரை ‘மேட்டர் டி’ என்போம். பந்தி முறை உள்ள கப்பல்களில், முதல் நாள் மதியம் குறிப்பிட்ட நேரத்தில் அவரோ அவருடைய ஆட்களோ மேசை மாற்றிக் கொடுப்பதற்கென்றே உட்கார்ந்திருப்பார்கள். எங்கே, எத்தனை மணிக்கு என்பது அன்றைய நிகழ்ச்சித் தாளில் இருக்கும். பலர் பஃபே வரிசையில் நிற்கிற நேரம் அது. நீங்கள் நேரே அங்கே போங்கள். தனியாக வந்திருக்கிறேன், பெரிய மேசை வேண்டும் என்று சொன்னால் போதும், காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் சகன் வைப்போம். பாயில் பெரிய தட்டை வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். ஒரு சகனில் ஆள் குறைந்தால் விருந்துக்காரர் வாசலில் நிற்பவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைப்பார். அவர் யார் வீட்டு ஆள் என்று யாரும் கேட்பதில்லை. மேட்டர் டி வேலையும் ஏறக்குறைய அதேதான். காலி நாற்காலி அவருக்கும் கண்ணை உறுத்தும். நீங்கள் போய்க் கேட்டால் அவருக்கு அது உதவி.

முதல் ராத்திரி ஐந்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு நடந்துபோவதுதான் பயம், மற்றவர்கள் வரும்போது நீங்கள் உட்கார்ந்திருந்தால் அவர்கள்தான் உங்களிடம் தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். இந்தியா என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பக்கத்தில் கடல் மேல் ரயில் போகிறது, டீச்சர். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே ஏறிப் படகுகளுக்கு வழிவிடுவது, இதையெல்லாம் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். நான் வெயிட்டராக இருந்து பார்த்தவரை, பாலமும் ரயிலும் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு மேசையே அன்று நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்துவிடும்.

நல்ல பட்டுப்புடவை ஒன்று கட்டாயம். ஏழு இரவில் ஒன்றிரண்டு இரவு எல்லோரும் நன்றாக உடுத்தி வருவார்கள், புடவைக்கு மேல் அங்கே வேறு உடை இல்லை. சைவமென்றால் முன்பே எழுதிக் கொடுங்கள். கப்பலிலும் ஹெட் வெயிட்டரிடம் சொல்லிவைத்தால் மறுநாள் மெனுவை முந்தின ராத்திரியே காட்டி, உங்களுக்கென்று கேட்டு வைத்துக்கொள்வார்.

மேசை ஒத்துவராவிட்டால்? இரண்டாம் நாள் காலை மேட்டர் டியிடம் மெதுவாகச் சொல்லுங்கள். பழைய மேசைக்காரர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டாம். யாரும் வருத்தப்படுவதில்லை, எங்களுக்கு அது தினசரி வேலை.

இன்னொன்று. கப்பல் கட்டணம் ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் போடப்படுவது. தனியாகப் போகிறவரிடம் ஏறக்குறைய இரண்டு பேர் காசை வாங்கும் கப்பல்கள் நிறைய. தோழியின் பங்கு திரும்பக் கிடைக்குமா என்பதைக் கேன்சல் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தனியாகவே போக ஆசை வந்தால் ஒற்றை ஆள் அறை உள்ள கப்பலாகப் பாருங்கள். 2010-ல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் தனியாக வருகிறவர்களுக்கென்றே 128 சின்ன அறைகளும், அவர்கள் மட்டும் கூடிப் பேச ஒரு கூடமும் கட்டினார்கள். தனி ஆட்கள் அங்கே சாயங்காலம் கூடி, சேர்ந்து சாப்பிடப் போவார்கள்.

*

பாய், நாற்பது வருசம் கடலுக்குப் போனவன். விசைப்படகில் அஞ்சாறு பேர் ஒரே சட்டிச் சோற்றைத் தின்று பழகினவன். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துட்டா. சிங்கப்பூரில் இருக்கிற மகன் அங்கேயிருந்து கிளம்புற கப்பலுக்கு மூணு ராத்திரி டிக்கெட் போட்டிருக்கான். அவனுக்கு லீவு இல்லை, நீங்க மட்டும் போய்ட்டு வாங்கப்பாங்கிறான். எனக்கு இங்கிலீசு தெரியாது, முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியாது. யாரு என் கூட உட்காருவா?
— ஒரு வாசகர், தங்கச்சிமடம்

அண்ணே, கடலைப் பற்றி அந்தக் கப்பலில் இருக்கிற பயணிகளில் உங்களைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

சிங்கப்பூரில் கிளம்பும் கப்பல்களில் நம் ஊர் ஆட்கள் நிறைய. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. சிங்கப்பூர்த் தமிழர், மலேசியத் தமிழர், இங்கிருந்து விமானத்தில் போய் ஏறுகிற குடும்பங்கள் என்று தமிழ்ப் பேச்சு காதில் விழாத மாடி இருக்காது. மகனிடம் சொல்லி ஒரு சின்ன அட்டையில் இங்கிலீஷில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: “நான் தனியாக வந்திருக்கிறேன். தமிழ் பேசுகிறவர்கள் இருக்கும் மேசையில் எனக்கு ஓர் இடம் கொடுங்கள்.” முதல் நாள் அதைச் சாப்பாட்டுக்கூட வாசலில் நிற்பவரிடம் நீட்டுங்கள். நான் வாசலில் நின்ற காலத்தில் அப்படி ஓர் அட்டையோடு ஒருவர் வந்திருந்தால், கூடத்தை விட்டு ஓடிப்போய்த் தமிழ்க் குடும்பத்தைத் தேடியிருப்பேன்.

கையால் சாப்பிடுங்கள். அங்கே யாரும் தடுக்க மாட்டார்கள். இந்தியச் சாப்பாடு பஃபேயிலும் இருக்கும். கரண்டிதான் வேண்டும் என்றால் முள்ளுக்கரண்டியை விட்டுவிட்டுப் பெரிய கரண்டி கேட்டு வாங்குங்கள்.

ராத்திரியைவிட விடிகாலைதான் உங்களுக்கு நல்ல நேரம் என்பது என் எண்ணம். கடலுக்குப் போனவர்களுக்குத் தூக்கம் சீக்கிரமே கலையும். மேல்தட்டில் காபி வைத்திருக்கும் இடத்துக்கு விடியுமுன் போய்ப் பாருங்கள். எந்தக் கப்பலிலும் தூக்கம் வராத பெரியவர்கள் ஆறேழு பேர் அங்கே தினமும் கூடுவார்கள். பாஷை அதிகம் வேண்டாத கூட்டம் அது. சிங்கப்பூர்க் கடலில் கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் கப்பல் விளக்குகள் தெரியும். பச்சை தெரிந்தால் அந்தக் கப்பலின் வலப்பக்கம், சிவப்பு தெரிந்தால் இடப்பக்கம், அதை வைத்து அது எங்கே போகிறது என்று நீங்கள் விரலால் காட்டினால் போதும். அடுத்த நாள் உங்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருப்பார்கள்.

*

எனக்குத் தனியாகச் சாப்பிடத்தான் பிடிக்கும். கப்பலில் கட்டாயப்படுத்தி யாரோடாவது உட்காரவைப்பார்களா?
— ஒரு வாசகர், பரமக்குடி

மாட்டார்கள். இருவர் மேசை கேளுங்கள், ஜன்னல் ஓரம் என்றும் சேர்த்துக் கேளுங்கள். நினைத்த நேரத்தில் சாப்பிடும் முறையில் பதிந்துகொண்டு, கூட்டம் கலைகிற நேரத்தில் போங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காலை, மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய கூடத்துக்குப் போனால் வருகிற வரிசைப்படி பலரோடு சேர்த்து உட்காரவைப்பது பல கப்பல்களில் வழக்கம். அது வேண்டாமென்றால் அந்த இரு வேளையும் பஃபேக்குப் போய்விடுங்கள். வெயிட்டரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன அந்த அம்மாவைப் போல உங்களைப் பார்த்து யாரும் தப்பாகக் கணக்குப் போட வேண்டாம்.

*

காக்கா, நான் நம்ம ஊர்தான். சென்னையில் வேலை, வயது 34, கல்யாணம் ஆகவில்லை. சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்வரும் கப்பலில் தனியாகப் போகலாம் என்று இருக்கிறேன். கூட யாரும் வரலையா என்று ஒவ்வொரு வேளையும் கேட்பார்களே என்பது ஒரு பக்கம். வேண்டாத ஆட்கள் வந்து ஒட்டிக்கொள்வார்களோ என்பது இன்னொரு பக்கம். ஹலால் சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, கீழக்கரை

தங்கச்சி, என் உம்மாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கே ஸ்டீமர் ஏறித் தலைமன்னாரில் இறங்குவார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை நம் ஊர் ஆண்கள் அப்படித்தான் போய்வந்தார்கள், அநேகமாகத் தனித்தனியாக. அவர்களில் ஒருவரைக்கூட யாரும் ‘கூட யாரும் வரலையா’ என்று கேட்டிருக்க மாட்டார்கள். உங்களைக் கேட்பார்கள், அது நியாயமில்லை. ஒரே ஒரு பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: “வரலை, எனக்குக் கடல் பார்க்கணும்னு இருந்துச்சு.” சிரித்தபடி சொல்லிவிட்டு, உடனே நீங்கள் அவர்களை ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அதற்குப் பிறகு உங்கள் கதைக்கு யாரும் திரும்பி வர மாட்டார்கள்.

2023 ஜூனில் அப்படி ஒரு கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறைக்குப் போய்வந்தது. இங்கிருந்து கிளம்பும் கப்பலில் பெரும்பாலும் குடும்பங்கள், கூடவே ஆபீஸ் கூட்டங்கள். மேட்டர் டியிடம் “பெண்களும் குழந்தைகளும் இருக்கும் குடும்ப மேசை” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அந்த வேண்டுகோளுக்கு அவர்கள் முக்கியத்துவம் தருவார்கள்.

வேண்டாத ஆள் விஷயத்தில் ஒன்றைச் சொல்கிறேன், இதை எங்கள் ஆட்களே பயணிகளுக்கு எடுத்துச் சொல்வதில்லை. காபிக்கோ ஜூஸுக்கோ கணக்கெழுதும்போது அறை எண்ணைக் கேட்பார்கள். வாயால் சொல்லாதீர்கள். சாவி அட்டையை எடுத்து நீட்டுங்கள், அதில் எல்லாம் இருக்கிறது. பக்கத்து மேசைக் காதுகளுக்கு உங்கள் அறை எண் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் இரண்டாம் முறையும் வந்து உட்கார்ந்தால், எழுந்துபோக வேண்டியவர் நீங்கள் இல்லை. வெயிட்டரைப் பார்த்துக் கையை உயர்த்தி, “இவரை வேறு மேசைக்கு மாற்றுங்கள்” என்று சொல்லுங்கள். ஹெட் வெயிட்டராக இருந்த காலத்தில் அப்படி எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன். வந்து சொன்ன பெண்ணிடம் திருப்பி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

தனியாக வந்தவர்கள் சந்திக்கும் நேரம் என்று நிகழ்ச்சித் தாளில் போட்டிருந்தால் முதல் நாளே ஒரு நடை போய்வாருங்கள். பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடலாம். அங்கே இன்னொரு பெண் தனியாக வந்திருந்தால், ராத்திரி சேர்ந்து சாப்பிடலாமா என்று நீங்களே முதலில் கேளுங்கள். அவரும் அதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

ஹலால் விஷயம் கப்பலுக்குக் கப்பல் மாறும். டிக்கெட் போடும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கறி பற்றிச் சந்தேகம் தீராவிட்டால் மீனும் மரக்கறியும் போதும், நாலைந்து நாள்தானே. மேசையில் பக்கத்தில் இருப்பவர் மது குடிப்பது சங்கடமாக இருக்குமென்றால், குடும்ப மேசை கேட்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டில் சமைத்ததைக் கப்பலில் ஏற்றவிட மாட்டார்கள். கடையில் சீல் வைத்த பாக்கெட் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். போகுமுன் ஊருக்கு வந்தால் நம் ஊர் இனிப்பான தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் ராத்திரி, இனிப்புத் தட்டு வருமுன் பாக்கெட்டைப் பிரித்து மேசை நடுவில் வையுங்கள். என்ன இது, எதில் செய்தது, எப்படி இவ்வளவு கறுப்பு என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். எட்டுப் பேர் மேசைக்கு அரைக் கிலோ காணாது, ஒரு கிலோவாக வாங்குங்கள்.